மழைக்கு மறுநாள் மனை காட்டியவர்

எங்களுக்கு மனை பார்த்துக் கொடுத்த பாய், அதற்கு முன்னால் எங்களை மூன்று முறை திருப்பி அனுப்பினார். கையில் மனை இருந்தது. மழைதான் இல்லை.

அப்போது நாங்கள் மூலக்குளத்தில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். நான் சேதராப்பட்டில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் ஷிப்டு வேலை பார்த்தேன்; இப்போதும் அங்கேதான். என் வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். அந்த வண்டியை நிறுத்த இடமில்லாமல் வாரத்துக்கு ஒரு தகராறு. அதனால்தான் வில்லியனூர் பக்கம் மனை தேட ஆரம்பித்தோம். கம்பெனியில் என்னோடு வேலை செய்தவள் ஒருத்தி இந்த பாயின் போன் நம்பரைக் கொடுத்தாள். "நல்ல மனுசன்தான். ஆனா கொஞ்சம் ஒரு மாதிரி," என்றாள்.

அந்த ஒரு மாதிரி என்னவென்று முதல் போனிலேயே தெரிந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம மனை பாக்க வரலாமா பாய்?"

"மழ பேஞ்சுதுன்னா வா தங்கச்சி."

"மழ பேஞ்சா ஒரே சேறா இருக்குமே பாய்!"

"அதுக்குத்தான் வரச் சொல்றேன்."

காய்ந்து கிடக்கும் மனையை அவர் யாருக்கும் காட்டுவதில்லை. மற்ற தரகர்கள் கார் வைத்து அழைத்துப் போய், வழியில் ஜூஸ் வாங்கிக் கொடுத்து, கலர் கலராகக் கொடி கட்டிய மனைகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வில்லியனூர் கடைத்தெருவில் எத்தனையோ பாய்கள் உண்டு. 'மழை பாய்' என்று கேட்டால் இவரைத்தான் கைகாட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் அழைத்து நான் கேட்டதில்லை.

ஒருவழியாக ஒரு சனிக்கிழமை நல்ல மழை. மறுநாள் காலையில் போனோம். மொபெட்டை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஒல்லியான உருவம். அறுபதை நெருங்கும் வயது. தோளில் நாலைந்து துணித் துண்டுகளை ஒட்டித் தைத்த ஒரு பை. தண்ணீர் தேங்கிய ஓர் இடத்தில் நின்று கையை நீட்டினார்.

"தோ, அந்தக் கல்லு தெரியுது பாரு. தல மட்டும்தான் வெளிய நிக்குது இல்ல? அந்த மனை உனக்கு வாணாம். எத்தினி வருசம் ஆனாலும் அங்க தண்ணி நிக்கும்."

"அப்ப அத யாருக்கு விப்பீங்க?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"மண்ணு கொட்டி மேடாக்க யாருக்குத் தெம்பு கீதோ அவங்களுக்கு. அவங்களுக்கும் இதே மாதிரி காட்டிட்டுத்தான்."

என் வீட்டுக்காரர் என் காதோடு சொன்னார்: "இந்தாளு விக்க வந்தாரா, நம்மள வெரட்ட வந்தாரா?"

கிழக்கு ஓரத்தில் ஒரு பள்ளமான இடம் இருந்தது. லேஅவுட்டில் விழுந்த தண்ணீர் மொத்தமும் அங்கே போய்ச் சேர்ந்து, கோரைப் புல்லுக்கு நடுவே அமைதியாக நின்றது. ஒரு மடையான் கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. பாய் தன் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். லேஅவுட் வரைபடத்தின் ஜெராக்ஸ். ஒரு கட்டத்துக்கு மட்டும் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் அவரே வண்ணம் அடித்திருந்தார்.

"இது பார்க்குக்குன்னு வுட்ட எடம். பச்ச போட்ட எடத்துல யாரும் வூடு கட்டக் கூடாது. மேல வுழற தண்ணி ரோட்டு வழியா எறங்கி இங்கதான் வந்து உக்காரும். அதனாலதான் உன் வூட்டுல ஏறாது. உன் மனை இத ஒட்டி வருது. காத்து வரும், தண்ணி வராது. இந்தப் பேப்பர பத்திரத்தோட வச்சிக்கோ. நான் சொல்லி விக்கறேன்."

'நான் சொல்லி விக்கறேன்' என்பதை எழுத்துப் பத்திரத்துக்கு மேலே இன்னொரு பத்திரம் மாதிரி சொன்னார். அப்போது அது எனக்குப் புரியவில்லை. வியாபாரத்தில் எல்லோரும் ஏதோ ஒன்று சொல்வதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு கட்டிக் குடி போன நாளில் பாயையும் அழைத்திருந்தோம். பந்தியில் எல்லா இலைக்கும் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் வைத்தோம். பாய் அதைத் திறக்காமல் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, பையிலிருந்து தன் எவர்சில்வர் டம்ளரை எடுத்து, "கொழாத் தண்ணி இருந்தா ஊத்து தங்கச்சி," என்றார். டீக்கடையிலும் அந்த டம்ளர்தான். கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில்தான் மனைக் கணக்கெல்லாம் எழுதுவார். ரயில்வே கேட் போட்டிருந்தால் முதலில் மொபெட் இன்ஜினை அணைப்பவர் அவர்தான். மகா கஞ்சன் என்று அவருக்குப் பெயர். அதை அவர் மறுத்ததும் இல்லை. "கஞ்சன்தான். தண்ணி, காத்து, பெட்ரோலு எல்லாத்துலியும்," என்பார்.

பந்தி முடிந்ததும் எச்சில் இலைகளைப் பெரிய கறுப்புக் கவரில் கட்டி, ரோட்டோரம் போடப் போனோம். பாய் வந்து தடுத்தார். கொல்லைப் பக்கமாகப் போய், அந்தப் பார்க் இடத்தில் மேடாக இருந்த ஒரு மூலையில், என் வீட்டுக்காரரின் மண்வெட்டியாலேயே முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினார். வெள்ளைச் சட்டையோடு வெட்டினார். இலைகளைக் கொட்டி மண்ணைத் தள்ளினார். "இனிமே தெனமும் காய்த் தோலு, முட்ட ஓடு, டீத்தூளு எல்லாத்தியும் இதுல போடு. ஒரு பக்கெட்டு தனியா வையி. அவ்ளோதான்," என்றார்.

அந்தக் குழியிலிருந்து அடுத்த வருஷம் யாரும் விதைக்காத ஒரு பூசணிக்கொடி கிளம்பி, பாதி இடத்துக்குப் படர்ந்தது. எங்கள் தெருவுக்கே காய் கொடுத்தது. அதைப் பார்த்துத்தான் மற்ற வீடுகளிலும் தனி பக்கெட் வந்தது. எல்லை தெரிய அவர் நட்டு வைத்த பூவரசங் கழிகளில் மூன்று துளிர்த்து மரமாயின. மரம் வைக்கவேண்டும் என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்தால் சாயங்கால அசர் தொழுகை வரை பாய் அங்கேதான். ஒரே ஒரு சொம்புத் தண்ணீரில், பூவரசங் கன்றின் வேரடியில் குந்தி, தொழுகைக்காகக் கை கால் முகம் கழுவி ஒளு செய்வார். அந்தத் தண்ணீர்தான் அந்த வாரத்துக்குக் கன்றுக்கும். பிறகு துண்டை விரித்துத் தொழுவார்.

ஒருநாள் கேட்டேன்: "இங்க மனையெல்லாம் வித்து முடிஞ்சிருச்சே பாய். இன்னும் எதுக்கு வந்து வந்து போறீங்க?"

"பார்க்குன்னு சொன்னேன் இல்ல? லேஅவுட் போட்டவரு வித்துட்டுப் போயிட்டாரு. சொன்னது நானு. சொன்னது நடக்குதான்னு யாரு வந்து பாக்கறது?"

இப்படியே ஆறேழு வருஷம் போனது. பிறகு ஒருநாள் அந்த இடத்தில் புது மனைக்கற்கள் முளைத்தன.

லேஅவுட் போட்டவருக்கு அந்தப் பள்ளத்தின் ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சட்டப்படி எங்கள் பகுதி உள்ளாட்சியான கொம்யூன் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. மனை விலை ஏறியதும் அதை நான்காகப் பிரித்து விற்கப் பார்த்தார். தெருக்காரர்கள் சத்தம் போடாமல் இருக்க ஒரு வழியும் வைத்திருந்தார். இடத்தை ஒட்டி இருக்கும் வீடுகளுக்கு ஆளுக்குப் பத்தடி அகலத் துண்டு சும்மாவே எழுதித் தருவார். 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.

ஒட்டியிருந்த வீடுகளில் எங்களுடையது ஒன்று.

நான் காலை ஷிப்டு முடிந்து வந்தபோது என் வீட்டுக்காரர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். "வண்டி நிறுத்த எடம் கெடச்சிருச்சு. செட்டு போட்டுடலாம். மழையில நனையாது," என்றார்.

"இன்னா எடம்?"

சொன்னார். காலையிலேயே கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

கத்தினேன். அவரும் கத்தினார். "வண்டிதான் நமக்குச் சோறு போடுது. அந்தப் பள்ளமா போடுது? கொசுதான் வருது அதுலேர்ந்து!" அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வண்டிக்கு இடம் தேடித்தானே மனையே வாங்கினோம்; வீடு கட்டியது போக வண்டி ரோட்டில்தான் நின்றது. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டுக் காலையில் பஸ் ஏறி பாயின் வீட்டைத் தேடிப் போனேன்.

அதுவரை நான் அவர் வீட்டைப் பார்த்ததில்லை. வில்லியனூரில் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு அறை. வாடகை வீடு. வாசலில் அவர் சம்சாரம் தையல் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். பாயின் தோளில் தொங்கும் பை இந்த மெஷினில் பிறந்தது என்று பார்த்ததும் தெரிந்தது. நான் யாரென்று சொன்னதும் அந்த அக்கா காலை மெஷினிலிருந்து எடுத்தார்.

"அந்த எடத்துக்குப் பக்கத்து வூடா நீ?"

"ஆமாங்க்கா."

"கல்யாணம் ஆயி வந்ததுலேர்ந்து ஒம்போது வூடு மாறியிருக்கேன். ஊருக்கே மனை காட்டற மனுசன் எனக்குன்னு ஒண்ணு காட்டுனதில்ல. போன வாரம் தானா தேடி வந்துச்சு. உங்க தெருவுல எல்லாரையும் பேசி சரிக்கட்டிக் குடு பாய், வடகெழக்கு மூலயில ஒரு மனை உனக்கேன்னு லேஅவுட்டுக்காரங்க சொன்னாங்களாம். இந்த மனுசன் வாணாம்னு சொல்லிட்டு வந்து, சோத்தத் தின்னுக்கினே எங்கிட்ட தகவல் சொல்றாரு. என்ன ஒரு வார்த்த கேட்டுட்டுக்கூட அவங்ககிட்ட சொல்லல. சொல்லிட்டுச் சொல்றாரு."

அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் என்னை ரொம்பச் சங்கடப்படுத்தியது.

பாய் உள்ளேயிருந்து வந்தார். சம்சாரம் சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். "வா தங்கச்சி, டீ சாப்புடு," என்றார். நான் நின்றபடியே சொன்னேன்: "எங்க வூட்டுக்காரரு கையெழுத்து போட்டுட்டாரு பாய்."

"படிச்சிப் பாத்துட்டுப் போட்டாரா?"

"ஆமா."

"அப்ப அவருக்கு அது சரின்னு பட்டிருக்கு. திட்டாத."

"திட்டிட்டேன் பாய்."

சிரித்தார். பிறகு சற்று நேரம் சம்சாரத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. "இவ சொல்றதும் சரிதான்," என்று தணிந்த குரலில் சொன்னார். "ஆனா அந்த மனையில வூடு கட்டி நான் எப்படி உள்ள குந்திக்கினு இருப்பேன்? சுத்தி இருக்கறவங்க எல்லாருக்கும் நான்தானே சொல்லி வித்தேன்?"

அன்றைக்குத்தான் அந்த வார்த்தையின் எடை எனக்குப் புரிந்தது.

"உங்க தெருவுல எல்லாரு வூட்டுலியும் பத்திரத்தோட ஒரு பச்ச பேப்பரு இருக்கும். அத எடுத்து வைக்கச் சொல்லு. நாளைக்கு வரேன்," என்றார்.

அடுத்த ஒரு வாரம், நான் மதிய ஷிப்டுக்குப் போகும் முன் காலை நேரங்களில், கொம்யூனுக்கு ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வீடு வீடாகப் போனோம். பாய் மனை விற்ற எல்லோருக்கும் அந்த வரைபடத்தைக் கொடுத்திருந்தார். எல்லாவற்றிலும் அதே கட்டத்தில் பச்சை. ஒன்றில் மஞ்சள் கறை. ஒன்றின் ஓரத்தை எலி கடித்திருந்தது. ஒரு வீட்டில் பீரோ தட்டில் விரித்து அதன் மேல் புடவை அடுக்கியிருந்தார்கள். பெரும்பாலும் எல்லோரும் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்.

மின்துறையில் லைன்மேனாக இருந்து ரிட்டயர்டு ஆன ஒருவர் மட்டும் வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டார். அவர் இந்தப் பக்கத்து ஊர்க்காரர். லேஅவுட் வருவதற்கு முன் இது என்னவாக இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

"பாய், கோச்சிக்காத. இது மொத்தம் வயலு. நானே சின்ன வயசுல இங்க ஏத்தம் எறச்சிருக்கேன். எல்லாத்தியும் துண்டு துண்டா வித்தது நீ. இப்ப வந்து எடத்தக் காப்பாத்தணும்னு மனு எடுத்துக்கினு வர்றியே, உனக்கே ஒரு மாதிரி இல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. பாய் கீழே பார்த்தார். பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஆமா சார். நான்தான் வித்தேன். எத்தினி மனை வித்தேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. விக்காம வுட்டது இது ஒண்ணுதான்."

லைன்மேன் அவரையே பார்த்தார். உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து வந்து கையெழுத்துப் போட்டார். அன்று திரும்பி வரும்போது பாய் வழி முழுக்க மொபெட்டைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்ட அதிகாரி ஒரு இளவயதுப் பெண். வரைபடங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "யார் இதுக்கெல்லாம் கலர் அடிச்சது?" என்று கேட்டார். பாய் கையைத் தூக்கினார். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, நாளைக்கே வந்து எடத்தப் பாக்கறேன்," என்றார்.

வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

"நாளைக்கு வாணாம் மேடம்," என்றார் பாய்.

"ஏன்?"

"இப்ப வந்தா வெறும் பள்ளமும் கோரையும்தான் தெரியும். மண்ணு கொட்டிட்டா சரியாயிடும்னு உங்களுக்கே தோணும். மழ பேஞ்ச மறுநாளு வாங்க."

அதிகாரி அவருடைய போன் நம்பரை வாங்கி எழுதிக்கொண்டார்.

ஆனால் மழைக்கு முன்னால் லாரி வந்துவிட்டது. மழை பிடிப்பதற்குள் பள்ளத்தை நிரப்பிவிட வேண்டும் என்று லேஅவுட்காரருக்கு அவசரம். ஒரே காலையில் இரண்டு லோடு கிராவல் மண் கொட்டினார்கள். மூன்றாவது லாரி வரும்போது பாய்க்குச் செய்தி போய், மொபெட்டில் வந்து சேர்ந்துவிட்டார். உள்ளே போகும் வழியில் மொபெட்டைக் குறுக்கே நிறுத்தி ஸ்டாண்டு போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். பாய் அசையவில்லை.

"பாய், எனக்கு எறக்கிட்டுப் போகச் சொன்னாங்க. நான் இன்னா பண்றது?"

"உம்மேல தப்பு இல்லபா. மனு குடுத்திருக்கோம், மேடம் வந்து பாக்கற வரைக்கும் பொறு. அதுக்கப்புறம் எறக்கச் சொன்னா நானே வழி வுடறேன்."

நான் போய் மொபெட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். லைன்மேன் வந்தார். எதிர் வீட்டு அம்மா குக்கரை அணைத்துவிட்டு வந்து நின்றார். டிரைவர் யாருக்கோ போன் பண்ணினார். திட்டு வாங்கினார். கடைசியில், "எனக்கு எதுக்கு வம்பு," என்று வண்டியைப் பின்னால் எடுத்தார். என் வீட்டுக்காரர் எங்கள் கேட்டுக்குள் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. இரண்டாம் நாள் மதியம் என் வீட்டுக்காரருக்கு ஒரு போன் வந்தது. அவரோடு வண்டி ஓட்டும் நண்பர். மூலக்குளம் பக்கம் புது நகர் ஒன்றில் வீடு கட்டியிருந்தார். அங்கே இருந்த குட்டையைத் தூர்த்துக் கடைசி மனை வரைக்கும் விற்றிருந்தார்கள். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். ஃபிரிட்ஜையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு போக வண்டி வேண்டும் என்று அழைத்தார். இவர் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தார். நேரே கொல்லைப் பக்கம் போய் நின்றார். நான் துண்டைக் கொண்டு போய் நீட்டினேன். எங்கள் தெரு ரோட்டில் ஓடிய தண்ணீர் ஒரு நெளிந்த ஓடையாக இறங்கி, கொட்டிய கிராவலைக் கரைத்துக்கொண்டு, பார்க் இடத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வாசற்படியில் தண்ணீர் ஏறவே இல்லை.

"அவன் பொண்டாட்டி மாடிப்படியில குந்திக்கினு அழுவுது," என்றார். "தண்ணி போறதுக்கு எடமே இல்ல அங்க. எங்க போவும்?"

துண்டை வாங்கித் தலையைத் துவட்டினார்.

மழை விட்ட மறுநாள் அதிகாரி ஜீப்பில் வந்தார். பாய் எப்போதும்போல செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அதிகாரியும் யோசித்துவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பின்னால் நடந்தார். பாய் அதிகம் பேசவில்லை. ரோட்டைக் காட்டினார், காய்ந்திருந்தது. பள்ளத்தைக் காட்டினார், நிறைந்திருந்தது. தவளைச் சத்தத்தில் அவர் குரலே சரியாகக் கேட்கவில்லை.

லேஅவுட்காரருடைய ஆளும் வந்திருந்தார். பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "மேடம், ஒட்டி இருக்கற வூட்டுக்காரங்களே ஆட்சேபண இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்க, பாருங்க."

அதிகாரி காகிதத்தில் இருந்த ஒரே கையெழுத்தைப் படித்துவிட்டு, "யார் இவர்?" என்று பெயரைச் சொல்லிக் கேட்டார்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "நான்தான் மேடம். வண்டி நிறுத்த எடம் குடுத்தாங்க, ஆசப்பட்டுப் போட்டுட்டேன். தப்பு. எனக்கு அந்தப் பத்தடி வாணாம். இப்பவே எழுதிக் குடுக்கறேன்."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் பேனா தேடினார். இல்லை. பாய்தான் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார், பேனாவையும், எழுத ஒரு கல்யாணப் பத்திரிகையையும். அதிகாரி அப்போது சிரித்துவிட்டார். "வெள்ளப் பேப்பர் என்கிட்ட இருக்கு," என்றார்.

அதற்குப் பிறகும் உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. நோட்டீஸ், பதில், மறுபடி நோட்டீஸ் என்று அடுத்த கோடை வரைக்கும் இழுத்தது. பாய் மாதம் இரண்டு முறையாவது அலுவலகத்துக்கு நடந்தார். முடிவில் லேஅவுட்காரர் அந்த இடத்தைக் கொம்யூனுக்கு எழுதிக் கொடுத்தார். 'பொது இடம்' என்று ஒரு பலகை வந்தது. சுற்றிலும் நடக்க மண் பாதை போட்டார்கள். கம்பி வேலி வேண்டாம் என்று நாங்களே எழுதிக் கொடுத்தோம். தெருவில் ஒரு சின்ன விழா வைத்து பாய்க்குச் சால்வை போடலாம் என்று பேசினார்கள். அவர் அன்றைக்கு யாருக்கோ மனை காட்டப் போய்விட்டார்.

இப்போது நான் காலை ஷிப்டு இல்லாத நாட்களில் அங்கே நடக்கிறேன். எதிர் வீட்டு அம்மாவுக்கு டாக்டர் நடக்கச் சொல்லி, நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே சுற்றுவோம். சாயங்காலம் பந்து விளையாட்டு, சண்டை, சமாதானம். போன கோடையில் பக்கத்து நகரில் போர்வெல் வற்றியபோது எங்கள் தெருவில் வற்றவில்லை. என் வீட்டுக்காரர் வண்டியை வாசலிலேயே தார்ப்பாய் போட்டு மூடி நிறுத்துகிறார். இன்னும் கொசுவைத் திட்டுகிறார். மழைக்குப் பிறகு கொசுப் புழுவைத் தின்னப் பள்ளத்தில் விடுவதற்கு எங்கிருந்தோ மீன் குஞ்சு வாங்கி வருவதும் அவர்தான்.

பாய் குடும்பம் இப்போது வில்லியனூரில் இல்லை. மகளைப் பாகூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் பிரசவத்துக்குப் பிறகு பெற்றோரைத் தன்னோடே வந்து இருக்கும்படி பிடிவாதம் பிடித்தாள். சொல்லிக்கொண்டு போக ஒரு சாயங்காலம் பாயும் சம்சாரமும் மொபெட்டில் வந்தார்கள். அந்த அக்கா எங்கள் தெருவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குள் வந்து டீ குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அந்த எடத்தக் காட்டுறியா?" என்றார்.

பாய் எழுந்திருக்கவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க," என்றார். எத்தனையோ பேருக்கு இடம் காட்டியவர், அன்றைக்கு வாசற்படியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நானும் அக்காவும் நடந்தோம். அவர் பாதையில் ஒரு சுற்று முழுக்கச் சுற்றினார். பிறகு நின்றார்.

"எங்களுக்குன்னு சொன்னது எந்த மூல?"

வடகிழக்கு மூலைக்கு அழைத்துப் போனேன். வெறும் புல்தரை. இரண்டு வெள்ளாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அக்கா அங்கே நின்று, நாலு பக்கமும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். சமையலறை எங்கே வரும், மெஷினை எந்த ஜன்னலோரம் போடலாம் என்று அவர் மனசில் ஓடியிருக்கும். எனக்கு மன்னிப்புக் கேட்கவேண்டும்போல இருந்தது.

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். புல்லில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி, கிழக்கே வயல் மேலிருந்து வந்த காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக் கண்ணை மூடினார்.

"போய் அந்த மனுசன வரச் சொல்லு," என்றார் கண்ணைத் திறக்காமல். "கொஞ்ச நேரம் இங்க குந்திட்டுப் போவோம்."